வண்டி கேள்வி-பதில்: பல்பை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

போன இதழில் மழைக்காலத்து பிரேக் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி பிரேக்கைப் பற்றியே இல்லை. "அதெல்லாம் சரி, ரோடு தெரிந்தால்தானே பிரேக் பிடிப்பது" என்று ஹெட்லைட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நியாயம்தான். எண்ணூர் பக்கம் ராத்திரியில் ஒரு தடவை வண்டி ஓட்டியவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால் இந்த முறை முழுக்க ஹெட்லைட்தான். ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருந்ததால் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் எழுதியிருந்ததால் எல்லாருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

மணலி புதுநகர் வாசகர்: அண்ணா, என்னுடையது 2013 மாடல் நூறு சிசி வண்டி. செகண்ட் ஷிப்ட் முடிந்து ராத்திரி பதினொன்றரைக்கு மேல் பொன்னேரி சாலையில் வருகிறேன். முன்னாடியும் கண்டெய்னர், பின்னாடியும் கண்டெய்னர். ஆக்சிலேட்டர் முறுக்கினால் லைட் எரிகிறது, பள்ளத்துக்காக ஸ்லோ பண்ணினால் சிமினி விளக்கு மாதிரி ஆகிவிடுகிறது. எல்இடி பல்பு போட்டால் பகல் மாதிரி இருக்கும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

தம்பி, அவசரப்பட்டு போடாதீர்கள். உங்கள் வண்டியின் பிறவிக் குணமே அதுதான். அந்தக் காலத்து நூறு சிசி வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஹெட்லைட்டுக்குப் பேட்டரியோடு சம்பந்தமே கிடையாது. என்ஜினில் சுற்றுகிற மேக்னட் காயிலில் இருந்து ஏசி கரண்ட் நேராக பல்புக்குப் போகும். என்ஜின் வேகமாகச் சுற்றினால் கரண்ட் அதிகம், மெதுவாகச் சுற்றினால் குறைவு. பள்ளம் எங்கே என்று தேடும்போதுதான் வெளிச்சம் வேண்டும், அப்போதுதான் அது மங்கும். இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது!

இதில் எல்இடி போட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், சாதாரண எல்இடி பல்பு டிசி கரண்டுக்காக, அதாவது பேட்டரி தருகிற மாதிரி ஒரே திசையில் ஓடுகிற கரண்டுக்காகச் செய்தது. ஏசியில் போட்டால் ஐடிலில் விட்டுவிட்டு மினுக்கும், சில நாளில் உள்ளே இருக்கும் டிரைவர் சர்க்யூட் போய்விடும். ஏசியிலும் எரியும் என்று சொல்லி விற்பதும் உண்டு, அதிலும் இன்னொரு பெரிய சிக்கல் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் செலவே இல்லாத வேலை. டூமை, அதாவது ஹெட்லைட் கூட்டைக் கழற்றுங்கள், இரண்டு ஸ்க்ரூதான் இருக்கும். பின்னால் ஹோல்டரில் வரும் வயர்களில் எர்த் வயரை, அதாவது பல்பில் இருந்து கரண்ட் திரும்பிப் போகிற வயரைப் பிடியுங்கள். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் அது பச்சை நிறம். அந்தப் பச்சை வயர் எங்கே போய் ஃப்ரேமில் போல்ட்டோடு உட்கார்ந்திருக்கிறது என்று பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். போன மாதம் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் இதே புகாரோடு வந்தார். அந்த இடத்தைத் திறந்தால் செம்புக் கம்பியின் நுனியில் மயில்துத்தம் பூத்த மாதிரி நீலப் பச்சையாக ஒரு தூள், அடியில் போல்ட் முழுக்கத் துரு. கையால் தொட்டதும் ரிங் டெர்மினல் பொடிந்து வந்துவிட்டது. வயர் வெளியே இருந்து பார்க்கப் புதுசு மாதிரிதான் இருந்தது. கடல் காற்று செய்கிற வேலை. தி.நகரில் பத்து வருஷம் தாங்குகிற டெர்மினல் நம் பக்கத்தில் மூன்று வருஷம் தாங்கினால் பெரிய விஷயம். உப்பு செய்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தேன். புது டெர்மினல் போட்டு முறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவி மூடினேன். பல்பு அதே பழைய பல்பு. அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, "புது பல்புக்கு எவ்வளவு அண்ணா?" என்று பர்ஸை எடுக்கிறார்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். லைட் எரியும்போது ஒரு முனையை என்ஜின் பாடியிலும் இன்னொரு முனையை ஹோல்டரின் எர்த் பின்னிலும் வையுங்கள். உங்கள் வண்டிக்கு ஏசி ரேஞ்சில் வைக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டிக் காட்டினால் அந்தக் கரண்ட் பல்புக்குப் போகாமல் துருவைச் சூடாக்கிக்கொண்டு இருக்கிறது என்று அர்த்தம்.

இதைச் செய்தும் போதவில்லை என்றால், லைட்டை டிசிக்கு மாற்றலாம். மேக்னட் காயிலின் எர்த்தைத் தூக்கிவிட்டு, ஏசியை டிசியாக்குகிற ஃபுல் வேவ் ரெக்டிஃபையர் போட்டு, பேட்டரி வழியாக லைட்டுக்குக் கொடுப்பது. தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் போனால் அரை நாள் வேலை. அப்புறம் ஐடிலிலும் லைட் ஒரே மாதிரி எரியும். ஆனால் காயில் தருகிற கரண்ட் அதேதான், அது கூடிவிடாது. 35/35 வாட் (பிரைட்டில் 35, டிம்மில் 35) பல்புக்கு மேல் ஆசைப்பட்டால் பேட்டரி காலையில் கை விரித்துவிடும். 2017 ஏப்ரல் 1 முதல் புது இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிய வேண்டும் என்று விதி வந்துவிட்டது. உங்கள் வண்டி அதற்கு முந்தியது, அதனால் ஸ்விட்ச் உங்கள் கையில் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கே போட்டுவிடுங்கள். நமக்கு ரோடு தெரிவதற்கு முன்னாடி லாரிக்காரருக்கு நாம் தெரிய வேண்டும்.

தண்டையார்பேட்டை வாசகர்: என் புல்லட்டில் 100/90 பல்பு போட்டேன். பத்து நாள் பிரமாதமாக இருந்தது. அப்புறம் ஹோல்டர் உருகி, டிம் போய், டூமுக்குள் இருந்து கருகிய வாசனை. புது ஹோல்டர் வாங்கி அதே பல்பைப் போடலாமா? ரிலே போடு என்கிறார்களே, அது எதற்கு?

அதே பல்பை மறுபடி போட்டால் அடுத்து உருகுவது ஹோல்டரோடு நிற்காது, ஹேண்டில்பார் ஸ்விட்சும் சேர்ந்து போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பெனி கொடுத்த 60/55 பல்பு பிரைட்டில் 60 வாட், 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். 100 வாட் என்றால் 8.3 ஆம்பியர். ஒன்றரை மடங்குதானே என்று தோன்றும். ஆனால் ஸ்விட்ச், கப்ளர் மாதிரி இணைப்பு இருக்கும் இடங்களில் உண்டாகிற சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்றபடி ஏறும், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. டிம்-பிரைட் மாற்றுகிற டிப்பர் ஸ்விட்சுக்குள் இருக்கும் பித்தளைப் பொட்டு எவ்வளவு சின்னது தெரியுமா? மிளகு அளவு. அதன் தலையில் மூன்று மடங்கு சூட்டை ஏற்றினால் என்ன செய்யும், பாவம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உங்களுக்கு 100 வாட் தேவையே இல்லை. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜ் குறையக் குறைய அதைவிடப் பல மடங்கு வேகத்தில் குறையும். 13.2 வோல்ட் வர வேண்டிய ஹோல்டரில் 11 வோல்ட் வந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதி. பேட்டரியில் இருந்து கிளம்பும் கரண்ட் இக்னிஷன் சாவி, லைட் ஸ்விட்ச், டிப்பர் ஸ்விட்ச், நடுவில் நாலைந்து கப்ளர் என்று ஊரைச் சுற்றி வருவதற்குள் இரண்டு வோல்ட்டைத் தொலைத்துவிடும். பழைய வண்டியில் இது சர்வ சாதாரணம். உங்கள் 60 வாட் பல்பு 30 வாட் மாதிரி எரிந்திருக்கும். நீங்கள் பல்பைக் குறை சொல்லிவிட்டீர்கள்.

ரிலே செய்வது ஒரே ஒரு காரியம்தான். ஸ்விட்ச் வழியாக வரும் கரண்ட் ரிலேக்குள் இருக்கும் சின்ன காயிலை இழுக்க மட்டும் பயன்படும், அதற்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம். பல்புக்கான கரண்ட் பேட்டரியில் இருந்து தடிமனான வயரில் ரிலே வழியாக நேராகப் போகும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, ஆக இரண்டு ரிலே. அடியில் நம்பர் போட்டிருக்கும்: 30-க்கு பேட்டரி பாசிட்டிவ், 87-ல் இருந்து பல்பு, 86-க்கு ஸ்விட்ச் வயர், 85-க்கு எர்த். பேட்டரியை ஒட்டியே 15 ஆம்பியர் ஃப்யூஸ் போடாமல் இந்த வேலையைச் செய்யவே கூடாது. ஃப்யூஸ் இல்லாத தடிமன் வயர் எங்காவது ஃப்ரேமில் உராய்ந்தால் வண்டி பற்றி எரியும். ஹோல்டர் பீங்கானாக வாங்குங்கள். வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் போதும். எர்த்தையும் ஃப்ரேமில் விடாமல் பேட்டரி நெகட்டிவ் வரைக்கும் தனி வயராக இழுத்துவிடுங்கள், நம் ஊர் உப்புக்கு அதுதான் மருந்து. ரெடிமேடாக வயரிங் கிட்டும் கிடைக்கிறது. புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ வாங்கும்போது ரிலேயின் கால்களையும் வயரின் தடிமனையும் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். வெளி உறை மட்டும் தடிமனாக இருந்து உள்ளே நாலு முடி செம்பு ஓடுகிற வயர்களும் இருக்கின்றன.

பல்பு மாட்டும்போது கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகச் சூடாகி பல்பு சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்த புல்லட்டை அதன் வாசலிலேயே வைத்துக்கொண்டு லைட் இல்லாமல் ஓட்டினால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் இல்லையா? 60/55-ஐயே போட்டு, முழு வோல்ட்டேஜ் கொடுத்துப் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை வாசகர்: என் வண்டிக்கு எச்எஸ்1 பல்பு. எச்4 கொஞ்சம் ராவினால் உட்காரும் என்கிறார்கள். ஆமாவா?

உட்காரும். ஆனால் எச்எஸ்1 35 வாட், எச்4 60 வாட். 35 வாட் ஓடும் இடத்தில் 60 வாட் ஓடும், பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் உள்ளே வெள்ளிப் பூச்சு கொப்புளித்துப் போகும். காதை ராவினால் ஃபிலமென்ட் இடம் மாறும், இடம் மாறினால் வெளிச்சம் எங்கேயோ போகும். வேண்டாம்.

திருவொற்றியூர் வாசகி: பாரிமுனையில் வேலை. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் எண்ணூர் விரைவு சாலையில் திரும்புகிறேன். ஸ்கூட்டரில் கம்பெனியே கொடுத்த எல்இடி லைட்தான். முன்னால் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது, ஆனால் பள்ளம் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது. என் கண்ணில்தான் கோளாறா?

சகோதரி, உங்கள் கண்ணைக் குறை சொல்வதற்கு முன்னால் ஹெல்மெட் கண்ணாடியைக் கையில் எடுத்து, ஒரு ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மெல்லிய கோடுகள் வட்ட வட்டமாக மின்னினால், எதிரில் வரும் ஒவ்வொரு லைட்டும் அதில் பட்டுச் சிதறி உங்கள் கண் முழுக்க நிரம்புகிறது. இந்தப் பக்கத்துத் தூசியை ஈரமில்லாத துணியால் துடைத்துத் துடைத்துத்தான் அந்தக் கோடு வருகிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கறுப்பு வைசராக இருந்தால் ராத்திரியில் அதைப் போடவே கூடாது. நூற்றுக்கணக்கில் செலவு செய்து பல்பு மாற்றுகிறவர்கள் பலர் புது வைசர் வாங்க யோசிக்கிறார்கள், எனக்கு அது புரிவதே இல்லை.

அடுத்தது, முன்னால் வெள்ளை வெளேர் என்கிறீர்களே, சிக்கலே அதுதான். வண்டிக்கு முன்னால் ஐந்தாறு மீட்டரில் ரோடு பளபளவென்று இருந்தால் கண்ணின் பாப்பா அந்த வெளிச்சத்துக்கு ஏற்றபடி சுருங்கிக்கொள்ளும். தூரத்தில் இருக்கும் பள்ளம் அந்தச் சுருங்கிய கண்ணுக்குத் தெரியாது. லைட் கீழே குத்தி நிற்கிறது என்று நினைக்கிறேன். வெளிச்சம் போதும், அது போய் விழுகிற இடம்தான் சரியில்லை.

இதை வீட்டிலேயே சரி பார்க்கலாம். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். சமமான தரையில் ஒரு சுவரில் இருந்து 5 மீட்டர் தள்ளி ஸ்கூட்டரை நேராக நிறுத்துங்கள். ஹெட்லைட்டின் நடுப்புள்ளி தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஸ்டாண்டை எடுத்துவிட்டு, வழக்கமாக உட்காருகிற மாதிரி நீங்களே உட்கார்ந்துகொள்ளுங்கள், யாராவது ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ளட்டும். டிம்மில் போட்டால் சுவரில் வெளிச்சம் ஒரு கிடைக்கோட்டில் வெட்டினமாதிரி முடியும். அந்த விளிம்பு சாக்பீஸ் கோட்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். ஒரு சாண் கீழே இருந்தால் நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. ஹெட்லைட்டுக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவர் நுழைகிற ஓட்டை ஒன்று பெரும்பாலும் இருக்கும், அதைத் திருகி ஏற்றலாம். கண்டுபிடிக்க முடியாவிட்டால் சர்வீஸில் விடும்போது "லைட் ஃபோகஸ்" என்று எழுதச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யாரும் தொட மாட்டார்கள்.

இதெல்லாம் செய்தும் தெரியவில்லை என்றால் கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பகலில் தெரியாத சின்ன பவர் ராத்திரியில்தான் காட்டிக்கொடுக்கும்.

காசிமேடு வாசகர்: ராத்திரி ரெண்டு மணிக்கு மீன் எடுக்கப் போகிறேன், விடியும் முன்னே பெட்டியை ஏற்றிக்கொண்டு அயனாவரம் வரைக்கும் வியாபாரம். டிம்மில்தான் போகிறேன், ஆனாலும் எதிரில் வருகிறவன் எல்லாம் லைட்டை அடித்துக் காட்டித் திட்டிவிட்டுப் போகிறான். அப்புறம் மஞ்சள் லைட் நல்லதா, வெள்ளை நல்லதா?

அண்ணே, அவர்கள் திட்டுவதில் அர்த்தம் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். மீனும் ஐஸும் சேர்ந்த பெட்டி பின்னால் ஏறினால் வண்டியின் பின்பக்கம் ஒரு நாலு சென்டிமீட்டராவது அமுங்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் ஒண்ணேகால் மீட்டர்தான். அந்த நாலு சென்டிமீட்டர் அமுங்கினால் முன்னால் 25 மீட்டர் தூரத்தில் லைட் 80 சென்டிமீட்டர் மேலே தூக்கும். உங்கள் டிம் எதிரே வருகிறவரின் முகத்துக்கு நேராகப் போய் நிற்கிறது. நீங்கள் டிம்மில் போவதாக நினைக்கிறீர்கள், அவருக்கு அது பிரைட். அதோடு ரோட்டில் விழ வேண்டிய வெளிச்சம் மரத்தின் மேல் விழுகிறது, உங்களுக்கும் நஷ்டம்.

பின் ஷாக் அப்சார்பரின் அடியில் படிப்படியாக ஒரு வளையம் இருக்கும், அதை நாலாவது ஐந்தாவது படிக்கு ஏற்றிவிடுங்கள். பிறகு பெட்டியை ஏற்றி, நீங்களும் உட்கார்ந்து, மேலே சொன்ன சுவர் சோதனையைச் செய்து லைட்டை இறக்குங்கள். காலியாகப் போகும்போது வெளிச்சம் கொஞ்சம் கிட்டத்தில் விழும், பரவாயில்லை, அந்த நேரத்தில் மெதுவாகப் போங்கள்.

மஞ்சளா வெள்ளையா என்பதில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். என் கட்சி மஞ்சள், அதாவது சாதாரண ஹாலஜன் தருகிற இளமஞ்சள். ஈரத் தார் ரோட்டில் நீலம் கலந்த வெள்ளை லைட் போட்டால் கண் கூசுகிறது, மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரிகிறது. மழையில் ஓட்டியவர்களைக் கேளுங்கள். போகி அன்று விடியற்காலையில் நம் ஊர் புகையில் ஓட்டியிருப்பீர்கள், அங்கே நிறத்தைவிட லைட்டின் உயரம்தான் முக்கியம். பிரைட் போட்டால் புகையே வெள்ளைச் சுவராகி வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வரும். டிம்மில், ஊர்ந்து போவதுதான் வழி.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். பெட்டியில் இருந்து ஐஸ் தண்ணீர் எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். பின் மட்கார்டு வழியாக டெயில் லைட் வயரில் விழும். உப்புத் தண்ணீர், வேறு என்ன வேண்டும். தினமும் கிளம்பும்போது டெயில் லைட்டையும் பிரேக் லைட்டையும் கையை வைத்துப் பாருங்கள், சிவப்பு கையில் தெரிய வேண்டும்.

வியாசர்பாடி வாசகர்: எல்லாரும் எல்இடி போட்டு ஜம்மென்று போகிறார்கள். நீங்கள் ஏன் எல்இடிக்கு எதிரி?

எதிரி இல்லை. கம்பெனியே எல்இடிக்காக வடிவமைத்துக் கொடுத்த ஹெட்லைட் அருமையான சாமான், கரண்டும் கம்மி. ஹாலஜனுக்காகச் செய்த டூமில் எல்இடி பல்பைச் சொருகுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். முதல் கேள்வியில் பிறகு சொல்கிறேன் என்று விட்டது இதுதான். பழைய எச்4 பல்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே முடி மாதிரி இரண்டு ஃபிலமென்ட், ஒன்றின் அடியில் மட்டும் ஒரு குட்டித் தகடு, கரண்டி மாதிரி. அந்தத் தகடுதான் டிம் லைட் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் மறைத்து, எதிரில் வருகிறவர் கண்ணைக் காப்பாற்றுகிறது. டூமுக்குள் இருக்கும் வளைவு முழுக்க அந்த முடி எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்குக் கணக்குப் போட்டு வளைத்தது. எல்இடி பல்பில் அந்த இடத்தில் பட்டையாக இரண்டு பக்கமும் சிப் ஒட்டியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் வெளிச்சம் கலைந்துவிடும்.

நானும் ஒரு காலத்தில் என் வண்டியிலேயே போட்டேன். ஒரு கடையில் பெட்டியில் போட்டிருந்த லூமன் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கி வாங்கினேன். முதல் ராத்திரி மரத்துக் காக்கா எல்லாம் எழுந்துகொண்டது, ரோடு மட்டும் தெரியவில்லை. மழை வந்ததும் பின்னால் இருந்த குட்டி ஃபேன் நின்றுபோய், பத்தே நிமிஷத்தில் மங்க ஆரம்பித்தது. ஹாலஜனை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

போட்டே ஆக வேண்டும் என்றால் சுவர் சோதனை செய்யுங்கள். ஹாலஜனில் வருகிற வெட்டுக்கோடு எல்இடியிலும் அதே இடத்தில் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பல்பைத் திருப்பி, சிப் இரண்டும் இடதும் வலதும் பார்க்கும்படி வைத்தால் கொஞ்சம் சரியாகும். கோட்டுக்கு மேலே வெளிச்சம் வழிந்தால் கழற்றிவிடுங்கள்.

எர்ணாவூர் வாசகர்: எக்ஸ்ட்ரா லைட் இரண்டு போட்டால் போலீஸ் பிடிப்பார்களா?

பிடிக்கலாம். அனுமதியில்லாத மாற்றம் செய்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைட்டுக்கு என்றே மத்திய மோட்டார் வாகன விதி 106 இருக்கிறது. வண்டிக்கு முன்னால் 8 மீட்டரில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிற கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்கிறது. ஒன்றரை மீட்டர் என்றால் எதிரில் ஸ்கூட்டரில் வருகிறவரின் கண்தான். அதே வாட், அதே வகை பல்பை மாற்றுவதில் எந்தப் பிரச்சினையும் இல்லை. ரிலே போடுவதும் வெளிச்சத்தின் வடிவத்தை மாற்றுவதில்லை. ஆனால் வண்டி வாரண்டியில் இருந்தால் வயரை வெட்டாதீர்கள், சர்வீஸில் கைகழுவிவிடுவார்கள்.

மீஞ்சூர் வாசகர்: எதிரில் வரும் லாரி பிரைட்டைக் குறைப்பதே இல்லை. கண் குருடாகிவிடுகிறது. நானும் பிரைட் அடித்தால் சரியாகுமா?

ஆகாது. இரண்டு பேரும் குருடாவீர்கள், அவர் பதினாறு சக்கரத்தில் இருக்கிறார், நீங்கள் இரண்டில். கண்ணை அவர் லைட்டில் இருந்து எடுத்து, உங்கள் பக்கம் ரோட்டின் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பாருங்கள், கோடு இல்லாத இடத்தில் தார் முடிகிற விளிம்பை. ஆக்சிலேட்டரை விட்டுவிடுங்கள். அவர் கடந்து போன அடுத்த சில விநாடிகள்தான் மோசம், ஏனென்றால் கண் இருட்டுக்குத் திரும்ப நேரம் எடுக்கும், அந்த இருட்டில்தான் ஓரமாக ஒரு டிரெய்லர் டெயில் லைட் இல்லாமல் நின்றுகொண்டிருக்கும். துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் இது எல்லாருக்கும் தெரிந்த கதை.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒன்றைப் பார்த்து, மூளை சொல்லி, கை பிரேக்கைத் தொடுவதற்குள் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 20 மீட்டர், ஆக மொத்தம் 45. நல்ல டிம் லைட்டில் கறுப்புச் சாமான் தெரிகிற தூரமே ஏறக்குறைய அவ்வளவுதான், அழுக்குக் கண்ணாடியில் அதுவும் இல்லை. 40-ல் போனால் மொத்தம் 25, 26 மீட்டரில் நின்றுவிடலாம். அந்த வித்தியாசத்தை எந்த பல்பாலும் கொடுக்க முடியாது.

மாதவரம் வாசகர்: மழைக்குப் பிறகு டூமுக்குள் ஆவி பிடித்துக்கொள்கிறது. மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி.

2023 டிசம்பரில் மூழ்கியது என்றால் உள்ளே சேறு இன்னும் இருக்கும். டூமின் பின்னால் காற்று போய்வர ஒரு சின்ன ட்யூப் இருக்கும், அது சேற்றில் அடைத்திருந்தால் ஆவி வெளியே போகாது. அதைச் சுத்தம் செய்து, பின் ரப்பர் மூடியை மாற்றுங்கள். எல்லா ஓட்டையையும் சிலிகான் போட்டு அடைத்துவிடாதீர்கள், உள்ளே மாட்டிய ஈரம் அப்படியே நிற்கும். ரிஃப்ளெக்டரில் வெள்ளிப் பூச்சு உரிந்து கறுப்புத் திட்டு தெரிந்தால் துடைக்கப் போகாதீர்கள், மிச்சமும் வந்துவிடும். டூமையே மாற்ற வேண்டியதுதான். அப்போதே ஹோல்டர் கப்ளரையும் திறந்து பச்சைத் தூள் இருக்கிறதா பார்த்துவிடுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் நான் இதுவரை திறந்த எதிலும் அது இல்லாமல் இருந்ததில்லை.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்: புது வண்டியில் பகலிலும் லைட் எரிகிறது, அணைக்க ஸ்விட்ச் இல்லை. எம்.சி. ரோடு டிராஃபிக்கில் எல்லாரும் "லைட் எரியுது, லைட் எரியுது" என்று கையைக் காட்டுகிறார்கள், மானம் போகிறது. ஒரு ஸ்விட்ச் வைக்கலாமா?

வைக்காதீர்கள். பேட்டரி ஒன்றும் தீராது, என்ஜின் ஓடும்போதுதான் எரிகிறது, காயில் அதற்கான கரண்டைத் தந்துகொண்டே இருக்கும். கையைக் காட்டுகிறவர்களுக்கு நீங்களும் கையைக் காட்டிவிட்டுப் போங்கள். இன்னும் கொஞ்ச நாளில் அவர்களும் புது வண்டி வாங்குவார்கள்.